ரசீது யார் பேரில்?

போன வருடம் வேலை விஷயமாக, எஞ்சின் இல்லாமல் ஓடும் ரயில்களைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தேன். நான் மெக்கானிக்கல் எஞ்சினியர். ஒரு தொழிற்சாலையில் கன்வேயர் பிரிவில் இருக்கிறேன். மின்சாரச் செலவு இல்லாமல், சரிவை மட்டும் நம்பிச் சரக்கை நகர்த்த முடியுமா என்பது எங்கள் மேலாளருக்கு அவ்வப்போது வரும் ஆசை. ஆசை அவருக்கு, தேடுவது நான்.

அப்போதுதான் மாக் சங்க் என்ற பெயர் கண்ணில் பட்டது. அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் மலைகளுக்கு நடுவே, லீஹை ஆற்றங்கரையில் உள்ள சின்ன ஊர். 1827-இல் அங்கே ஒரு பாதை போட்டார்கள். மலைமேல் இருக்கும் சுரங்கத்திலிருந்து நிலக்கரி வண்டிகள் தங்கள் எடையாலேயே சுமார் 9 மைல் உருண்டு ஆற்றங்கரைக்கு வந்துவிடும். கூடவே ஒரு வண்டியில் கோவேறு கழுதைகளும் சவாரி செய்து இறங்கும். காலி வண்டிகளைத் திரும்ப மேலே இழுப்பது அவற்றின் வேலை. சவாரிக்குப் பழகிய கழுதைகள் அதற்குப் பிறகு கீழே நடந்து வர மறுத்துவிட்டன என்று ஒரு கதை சொல்வார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த கதை. நம் எல்லார் ஆபீஸிலும் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். பிற்காலத்தில் நிலக்கரி நின்றுபோய், அதே பாதையில் சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்து உருண்டு இறங்கினார்கள். இன்றைய ரோலர் கோஸ்டருக்கு அதுவும் ஒரு மூதாதை.

சரி, ஊர் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று வரைபடத்தில் தேடினேன். மாக் சங்க் என்று ஊரே இல்லை. ஆறு இருக்கிறது, மலை இருக்கிறது, பழைய ரயில் நிலையம் இருக்கிறது. ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மனிதனின் பெயர் இருந்தது: ஜிம் தோர்ப்.

முருகன் நகர், காந்தி சாலை மாதிரி என்று நினைத்துக்கொண்டு நகர்ந்திருக்கலாம். நகரவில்லை. அந்த மனிதன் அந்த ஊரில் பிறக்கவில்லை, வாழவில்லை, சாகவும் இல்லை. செத்த பிறகுதான் அங்கே போனான். அவன் உடலுக்குப் பதிலாகத்தான் ஊர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. வேலையை மூடி வைத்துவிட்டு அன்று இரவு முழுக்க அதையே படித்தேன். ஏன் விட முடியவில்லை என்பதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஊரின் கதை.

மாக் சங்க் என்பது லெனாப்பே மக்களின் சொல்லிலிருந்து வந்தது. கரடியின் இடம், கரடி மலை என்று பொருள் சொல்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலை, படுத்துத் தூங்கும் கரடி மாதிரி தெரியுமாம். இந்தப் பெயரை வைத்தவர்கள் அந்த நிலத்தை இழந்த கதை தனி. 1737-இல் பென் குடும்பத்தார் ஒரு பழைய பத்திரத்தைக் காட்டினார்கள். ஒரு மனிதன் ஒன்றரை நாளில் எவ்வளவு தூரம் நடக்கிறானோ அவ்வளவு நிலம் எங்களுக்கு என்று அதில் இருப்பதாகச் சொன்னார்கள். லெனாப்பே மக்கள் நடை என்றால் நடை என்று நினைத்தார்கள். இவர்களோ காட்டில் முன்கூட்டியே வழி வெட்டி வைத்து, வேகமாக ஓடக்கூடிய மூன்று பேரைக் கூலிக்குப் பிடித்தார்கள். இரண்டு பேர் பாதியில் விழுந்துவிட, மூன்றாமவன் போய் நின்ற இடம் இன்றைய இந்த ஊருக்குப் பக்கத்தில். ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர் ஒரே ஓட்டத்தில் கைமாறியது. பத்திரத்தில் எழுதியபடிதான் எல்லாம் நடந்தது என்றார்கள்.

1818-இல் நிலக்கரிக்காரர்கள் அங்கே ஊர் போட்டார்கள். கரி, கால்வாய், ரயில் என்று பணம் கொட்டியது. அந்த ஊரிலிருந்து கோடீஸ்வரர்கள் கிளம்பினார்கள். அவர்களில் ஒருவர் கட்டிய பல்கலைக்கழகம் இன்றும் லீஹை என்ற பெயரில் இருக்கிறது. இன்னொரு பக்கம் சுரங்கத்துக்குள் இறங்கிய ஐரிஷ்காரக் கூலிகள். மாலி மக்வயர்ஸ் என்ற ரகசியக் கூட்டம் கொலை செய்கிறது என்று அவர்களில் பலர் மீது வழக்கு வந்தது. துப்பறிய ஆள் அனுப்பியது ஒரு தனியார் நிறுவனம். அதற்குக் காசு கொடுத்தது ஒரு ரயில் கம்பெனியின் தலைவர். வழக்கை நடத்தியவர்களிலும் கம்பெனி ஆட்கள் இருந்தார்கள். 1877 ஜூன் 21-ஆம் தேதி அந்த ஊர்ச் சிறையில் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். அதே நாளில் பக்கத்து மாவட்டத்தில் ஆறு பேர். நான் குற்றமற்றவன் என்று சொல்லி ஒரு கைதி சுவரில் பதித்த கை, எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் திரும்பத் தெரிகிறது என்பது ஊர்க் கதை. அந்தக் கொலைகளில் யார் கை இருந்தது, யார் கை இல்லை என்று எனக்குத் தீர்ப்பு சொல்லத் தெரியாது. ஆனால் நீதிமன்றம் இருந்தது, ஜூரி இருந்தார்கள், கையெழுத்தெல்லாம் சரியாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் கரி செத்தது. ஊரும் கூடவே. 1930-களில் அந்த ஈர்ப்பு ரயிலையும் மூடி, பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். 1950-களின் தொடக்கத்தில், உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஊரில் ஒவ்வொருவரும் வாரம் ஐந்து சென்ட் போடுவது. சேரும் பணத்தை வைத்து ஏதாவது தொழிலை ஊருக்குள் இழுப்பது. ஐந்து சென்ட். இதை வாசித்தபோது எனக்கு அந்த ஊர்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. இதற்குப் பிறகு நான் சொல்லப்போவதை வைத்து அவர்களைப் பணப்பேய்கள் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது.

இனி அந்த மனிதன்.

ஜிம் தோர்ப், சாக் அண்ட் ஃபாக்ஸ் என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். 1880-களின் கடைசியில், இன்றைய ஒக்லஹோமாவில் பிறந்தார். அம்மா வைத்த பெயர் வா-தோ-ஹுக். ஒளி விழும் பாதை என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து, முடியை வெட்டி, மொழியை மறக்கடித்து, வெள்ளைக்காரர்களாக மாற்றுவதற்கென்றே 1879-இல் தொடங்கிய கார்லைல் பள்ளியில் படித்தார். அந்தப் பள்ளி இருந்தது பென்சில்வேனியாவில். அவருக்கும் அந்த மாநிலத்துக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பெண்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம். அமெரிக்கப் பழங்குடியினர் எல்லாருக்கும் குடியுரிமை கிடைத்ததே 1924-இல்தான் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அடுத்த வருடமே பதக்கங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1909, 1910-இல் கோடை விடுமுறையில் சின்னக் குழுக்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடினாராம். அதனால் அவர் அமெச்சூர் இல்லையாம். விதி என்றால் விதிதானே? வேடிக்கை என்னவென்றால், ஆட்சேபணை எழுப்புவதானால் போட்டி முடிந்து 30 நாளுக்குள் எழுப்ப வேண்டும் என்றும் அதே விதிப்புத்தகத்தில் இருந்தது. பத்திரிகையில் செய்தி வந்தது 1913 ஜனவரியில். யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

1950-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர்கள், அரை நூற்றாண்டின் தலைசிறந்த விளையாட்டு வீரராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1953 மார்ச் 28-ஆம் தேதி கலிஃபோர்னியாவில், ஒரு டிரெய்லர் வீட்டில், கையில் காசில்லாமல் இறந்தார்.

உடலை ஒக்லஹோமாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சொந்த இனத்தாரின் முறைப்படி சடங்கு நடந்துகொண்டிருந்தது. சடங்கு முடிவதற்குள், மூன்றாவது மனைவி பட்ரீசியா போலீஸோடும் சவ ஊர்தியோடும் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகள் முந்தைய மனைவிகளுக்குப் பிறந்தவர்கள். சட்டப்படி உடல் மனைவிக்குத்தான் சொந்தம்.

ஒக்லஹோமா அரசு நினைவிடம் கட்டும் என்று ஒரு பேச்சு இருந்தது. ஆளுநர் அந்த நிதியை நிறுத்திவிட்டார். மனைவி, கணவருக்கு நினைவிடம் கட்டக்கூடிய ஊர் தேடி அலைந்தார். வாரம் ஐந்து சென்ட் போடும் ஊரைப் பற்றிய செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு நேராக அங்கே போனார். 1954-இல் பேரம் முடிந்தது. மாக் சங்க், கிழக்கு மாக் சங்க் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு ஊர்களும் ஒன்றாகி, ஜிம் தோர்ப் என்று பெயர் மாற்றிக்கொண்டன. ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் மாற்றினார்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. அதன் சாரம் இதுதான்: ஊருக்கு ஜிம் தோர்ப் என்ற பெயர் இருக்கும்வரை, மனைவியோ அவர் சார்பில் வேறு யாருமோ உடலை எடுக்கக்கூடாது.

ஊருக்கு வெளியே சாலையோரமாகச் செந்நிறக் கருங்கல்லில் கல்லறை கட்டி, 1957-இல் உடலை அதில் வைத்தார்கள். ஒக்லஹோமாவிலிருந்து மண் கொண்டுவந்து போட்டார்கள். ஸ்டாக்ஹோம் விளையாட்டரங்கிலிருந்தும் மண் வந்தது. மருத்துவமனை வரும், விளையாட்டு மண்டபம் வரும் என்றெல்லாம் பேசினார்கள். எதுவும் வரவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு ஊர் பிழைத்துக்கொண்டது. காரணம் கல்லறை மட்டும் இல்லை. பழைய கட்டடங்களும் மலையும் ஆறும்தான். இன்று அங்கே சுமார் 4,500 பேர் இருக்கிறார்கள்.

இப்போது என் கதை. சின்னதுதான்.

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் பாட்டி, அப்பாவின் அம்மா, இறந்துபோனார். கல்யாணம் ஆன நாளிலிருந்து பால்மரம் வெட்டியவர். தாத்தாவின் சாம்பலைத் தோட்டத்துக்குப் பின்னால் ஓடும் ஆற்றில்தான் கரைத்திருந்தார்கள். "என்னையும் அங்கயே விட்டுடுங்க" என்று அத்தையிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். பெரியப்பாவுக்கு அதில் உடன்பாடு இல்லை. "தோட்டம் எங்க இருக்கு? வித்து, செம்பனை போட்டு, இப்ப வீடு கட்றான். ஆத்துல தண்ணியா ஓடுது? சாக்கடை. ஆத்தாவ சாக்கடையில விடச் சொல்றியா?" என்றார். அதிலும் ஒரு நியாயம் இருந்தது.

சாயங்காலம் தகனம் முடிந்தது. மாமாவுக்கு மறுநாள் காலையில் டயாலிசிஸ் என்பதால் அத்தை அன்றிரவே ஜொகூருக்குத் திரும்பினார். "நான் மத்தியானம் வந்துருவேன், அதுவரைக்கும் வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். காலையில் சாம்பலை வாங்கப் போனோம். கவுண்டரில் ரசீது கேட்டார்கள். பெரியப்பா நீட்டினார். பானை அவர் கைக்கு வந்தது. "இப்பவே கடலுக்குப் போயிடலாம், வெயில் ஏறிடும்" என்றார். அத்தை எனக்குப் போன் செய்தார். நான் கொஞ்சம் சத்தம் போட்டிருந்தால் பெரியப்பா நின்றிருப்பார். படித்த பிள்ளை என்று என் பேச்சுக்கு வீட்டில் ஒரு மரியாதை உண்டு. நான் சொன்னது இதுதான்: "அத்தை, ரசீது பெரியப்பா பேர்லதான் இருக்கு. நான் என்ன சொல்ல முடியும்?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பத்து மணிக்கெல்லாம் பாட்டி கடலில் கரைந்துவிட்டார். அத்தை அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

ஜிம் தோர்ப்பின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது அந்தப் போலீஸ்காரர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நான்தான் அவர்.

தோர்ப்பின் மகன்கள் விடவில்லை. அப்பா ஒக்லஹோமாவில்தான் தன்னைப் புதைக்கச் சொன்னார் என்றார்கள். சடங்கு பாதியில் நின்றதால் அவர் ஆவி அலைகிறது என்றார்கள். 1990-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அருங்காட்சியகங்களும் அரசு நிறுவனங்களும் வைத்திருக்கும் பழங்குடியினரின் எலும்புகளையும் புனிதப் பொருள்களையும் உரியவர்களிடம் திருப்பித் தர வேண்டும் என்ற சட்டம். அதை வைத்து ஜாக் தோர்ப் என்ற மகன் 2010-இல் ஊர்மேல் வழக்குப் போட்டார். அடுத்த வருடம் அவர் இறந்தார். சகோதரர்களும் சாக் அண்ட் ஃபாக்ஸ் இனத்தாரும் தொடர்ந்து நடத்தினார்கள். 2013-இல் கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மத்திய அரசின் பணம் வாங்குகிற, உடலைத் தன் வசம் வைத்திருக்கிற ஓர் ஊராட்சி, சட்டத்தின் சொற்படி பார்த்தால் அருங்காட்சியகம்தான் என்றது. 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பியது. ஊரை அருங்காட்சியகம் என்று சொல்வது அபத்தம், கல்லறைத் திருடர்களைத் தடுக்க வந்த சட்டத்தைக் குடும்பச் சண்டைக்குப் பயன்படுத்தக்கூடாது என்றது. 2015-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. கதை முடிந்தது.

இதே மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் 2006-இல் இன்னொரு வழக்கையும் தள்ளியிருந்தது. 1737-இல் அந்த ஓட்டப்பந்தயத்தில் போன நிலத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டு லெனாப்பே வழிவந்தவர்கள் போட்ட வழக்கு. ஏமாற்றியே வாங்கியிருந்தாலும் அன்றோடு உங்கள் உரிமை முடிந்துவிட்டது என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பதில். ஒரே ஊரின் கதையில் எத்தனை தடவை இதே வாசகம் வருகிறது பாருங்கள். பத்திரம் சரி. தீர்ப்பு சரி. விதி சரி. ஒப்பந்தம் சரி. ரசீது சரி.

நீதிபதிகள் முட்டாள்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அந்த 2014 தீர்ப்பின் தர்க்கம் புரிகிறது. ஒரு சட்டத்தை எழுதியவர்கள் எதற்காக எழுதினார்களோ அதைத் தாண்டி இழுத்தால் நாளைக்கு எந்தக் கல்லறையும் நிலையாக இருக்காது. சட்டம் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: யாருக்கு உரிமை இருக்கிறது? உரிமை இருப்பவர் அதை இந்த நேரத்தில் பயன்படுத்த வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதற்கு எந்த கவுண்டரிலும் ரசீது கிடையாது. நான் அன்று காலையில் செய்த தப்பு இதுதான். இரண்டாவது கேள்வியை என்னிடம் கேட்டார்கள். முதல் கேள்விக்கான பதிலைச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொண்டேன்.

ஊர்க்காரர்கள் பக்கத்தையும் பேச வேண்டும். அவர்களுக்கு மூன்று பலமான வாதங்கள் இருக்கின்றன.

ஒன்று, அவர்கள் யாரையும் கொள்ளையடிக்கவில்லை. சட்டப்படி உரிமை உள்ள மனைவி வந்தார், கேட்டார், கொடுத்தார்கள். அந்த மனைவியை மட்டும் வில்லியாக்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. சொந்த மாநிலமே காசு தர மறுத்த மனிதனுக்கு ஒரு கல்லறை வேண்டும் என்று அலைந்தவர் அவர். அதில் எவ்வளவு அன்பு, எவ்வளவு கணக்கு என்று வெளியே நிற்கும் நாம் பிரிக்க முடியாது.

இரண்டு, அறுபது வருடங்களுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டது அவர்கள். புல் வெட்டியது, பூ வைத்தது, பிறந்தநாள் கொண்டாடியது, அவர் பதக்கங்களைத் திருப்பித் தரச் சொல்லிப் பேசியது. கவனித்துக்கொண்டவருக்கு ஓர் உரிமை வளரும்தானே? பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தி என்று நம் கதைகளே இதைச் சொல்கின்றன. தோர்ப்பின் பேரர்களில் சிலரும் ஊரின் பக்கம்தான் நின்றார்கள். தாத்தா அங்கே நிம்மதியாக இருக்கிறார், விட்டுவிடுங்கள் என்றார்கள். ரத்தம் ஒரே குரலில் பேசுவதில்லை. எங்கள் வீட்டிலும் பேசவில்லை.

மூன்று, அவர்களும் விலை கொடுத்தார்கள். தங்கள் ஊரின் பெயரையே கொடுத்தார்கள். எந்த ஊரும் எளிதில் கொடுக்காத பொருள் அது.

இந்த மூன்றாவது வாதத்தில்தான் எனக்கு இடிக்கிறது. முதல் இடறல், அந்தப் பெயர் யாருடையது? கரடி மலை என்பது லெனாப்பே மக்கள் வைத்தது. ஒரு பழங்குடி வீரனைப் பெருமைப்படுத்த, இன்னொரு பழங்குடி மக்கள் விட்டுப்போன ஒரு தடயத்தை அழித்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். வைக்கப்பட்ட பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒளி விழும் பாதை என்று அம்மா கூப்பிட்ட பெயர் ஊர்ப்பலகையில் ஏறவில்லை. வெள்ளைக்காரர் வாயில் நுழைந்த பெயர்தான் ஏறியது.

இரண்டாவது இடறல் இன்னும் ஆழமானது. உலகத்தில் உள்ளவற்றை இரண்டாகப் பிரிக்கலாம் என்றார் காண்ட். சிலவற்றுக்கு விலை உண்டு. அவற்றின் இடத்தில் சமமான வேறொன்றை வைத்துவிடலாம். சிலவற்றுக்கு மாற்றே இல்லை. அவற்றுக்கு இருப்பது மாண்பு. ஒரு மனிதரின் பெயரை ஊருக்கு வைப்பது அவருடைய மாண்பைச் சொல்வதற்காக. ஆனால் இந்த ஒப்பந்தத்தில் அந்தப் பெயர் என்ன வேலை செய்கிறது? பெயர் இருக்கும்வரை உடல் இருக்கும். வாடகை கட்டும்வரை வீடு இருக்கும் என்பது மாதிரி. அஞ்சலியாக வைத்த பெயருக்குள் ஒரு நிபந்தனையை நுழைத்தவுடன் அது விலையாகிவிடுகிறது. ஊர்க்காரர்களில் எத்தனையோ பேர் அந்த மனிதனை உண்மையாகவே நேசித்திருக்கலாம். அந்த ஒரு வரி இருக்கும்வரை அவர்களாலேயே தங்கள் நேசத்தை நிரூபிக்க முடியாது. வாடகைக்காரன் வீட்டை எவ்வளவு பாசமாகப் பார்த்துக்கொண்டாலும் வாடகை வாடகைதான்.

அதனால் எனக்குத் தோன்றுகிற நியாயம் இது. பெயரையும் உடலையும் பிரித்துவிட வேண்டும். பெயர் ஊர் தானாக எடுத்துக்கொண்டது; அதை வைத்துக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உடல் அப்படி இல்லை. பாதியில் நின்ற சடங்கு ஒன்று அதற்காகக் காத்திருக்கிறது. உடலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகும் ஜிம் தோர்ப் என்ற பெயரை வைத்திருந்தால், அன்றுதான் அந்தப் பெயர் முதல்முறையாக அஞ்சலியாகும். கல்லறை காலியாக இருக்கட்டும். ஒக்லஹோமா மண்ணும் ஸ்டாக்ஹோம் மண்ணும் இருக்கின்றனவே, அது போதும்.

அப்படியானால் கவனித்துக்கொண்ட உரிமை என்னாவது என்று கேட்பீர்கள். அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. கவனித்துக்கொண்டவருக்குத்தான் கொடுக்கிற உரிமையும் வருகிறது. அபகரித்தவன் திருப்பித் தந்தால் அது தண்டனை. நியாயமாக வைத்திருப்பவர் கேட்காமலே தந்தால் அதற்கு வேறு பெயர். நீதிமன்றம் மகன்களை ஜெயிக்க வைத்திருந்தால் ஊருக்கு அந்த வாய்ப்பே இருந்திருக்காது. வழக்கில் ஜெயித்ததால்தான் இப்போது அந்த வாய்ப்பு ஊரின் கையில் இருக்கிறது. சட்டம் உங்களிடம் எதையும் கேட்காதபோதுதான் நீங்கள் எப்படிப்பட்டவர் என்பது தெரியும்.

ஒலிம்பிக் குழு 1982-இல் தோர்ப்பை மற்றவர்களோடு சேர்த்து இணை வெற்றியாளர் என்று ஏற்றுக்கொண்டது. தனி வெற்றியாளர் என்று முழுதாக ஒப்புக்கொள்ள 2022 வரை ஆனது. நூறு வருடங்களுக்கு மேல் கழித்து, கேட்க அவர் இல்லாதபோது. தாமதம்தான். ஆனாலும் செய்தார்கள். செய்ய முடிந்தது.

எங்கள் வீட்டு விஷயத்தில் அது முடியாது. கடலில் கரைத்ததைத் திரும்ப எடுக்க வழியில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிய பிறகு அத்தைக்குப் போன் செய்தேன். மூன்று வருடங்களில் முதல் தடவை நானாக. ரசீதைப் பற்றி அன்று நான் பேசியது தப்பு என்றேன். அத்தை அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மாமா எப்படி இருக்கிறார், டயாலிசிஸ் எப்படிப் போகிறது என்றெல்லாம் கேட்டுவிட்டு, அந்த ஆற்றுக்கு ஒரு தடவை போய் வரலாமா என்றேன்.

"அங்க போயி என்னா பண்ணப் போற? கரைக்கறதுக்கு என்னா இருக்கு?"

"ஒன்னும் இல்ல அத்தை. சும்மாதான்."

கொஞ்ச நேரம் கழித்து, "சனிக்கெழம வா. காலையிலேயே வந்துரு, வெயில் ஏறிடும்" என்றார்.